எழுவதற்கு முன் புரள வேண்டும்

எங்கள் வாயைத் திறக்கச் சொல்லியே முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, இன்று அதே வாயை மூடச் சொல்வதற்காகக் கையில் மணியோடு அமர்ந்திருக்கும் பல் மருத்துவரும், இந்தக் குடியிருப்பின் செயலாளருமான தலைவர் அவர்களே, மேடையில் நாற்காலி போட்டும் வேண்டாமென்று கீழே கால் நீட்டி உட்கார இடம் தேடிக்கொண்ட எங்கள் காலை உடற்பயிற்சிக் குழுவின் ஆசான் ஜாக்கி அவர்களே, முழங்காலைத் தடவிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்க்கும் பெரியவர்களே, இடுப்பில் கை வைத்து எழுந்து இடுப்பில் கை வைத்தே அமரும் தாய்மார்களே, அவர்களைக் கைப்பிடித்து அழைத்துவந்த பிள்ளைகளே, மருமக்களே, மூன்றாம் வரிசையின் ஓரத்தில் அளவெடுக்கும் கண்களோடு அமர்ந்திருக்கும் என் மகளே, உங்கள் அனைவருக்கும் என் காலை வணக்கம்.

தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தோராண்டு வேலை பார்த்தவள் நான். "மூன்று நிமிடம் முடிந்தது, பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்" என்று ஊரார் காதில் சொல்லியே ஊதியம் வாங்கியவள். ஆகவே தலைவரின் மணிக்கு என்னிடம் மரியாதை உண்டு. ஆனால் இன்று நான் வாழ்த்துரை சொல்ல வரவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன். கேள்வி என் மகளுடையது. அவள் கேட்டு எட்டு மாதமாகிறது.

அதற்கு முன் உங்களை ஒன்று கேட்கிறேன். முதுமை என்றால் என்ன? நரையா? நரைக்குச் சாயம் உண்டு. சுருக்கமா? சுருக்கத்துக்குக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் போதும். மறதியா? அதை மறந்துவிடலாம். எனக்குத் தெரிந்து முதுமை என்பது ஒன்றுதான். தரை தூரமாகிக்கொண்டே போவது.

குழந்தையாக இருந்தபோது தரை நம் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எறும்பின் நடை தெரிந்தது. கல்லின் குளிர் கன்னத்தில் தெரிந்தது. விழுந்தால் விழுந்ததே தெரியாது. பிறகு ஆண்டுக்கு ஒரு விரற்கடையாகத் தரை கீழே இறங்குகிறது. நாற்பதில் குனிந்தால் எட்டும் ஆழம். அறுபதில் யோசித்துக் குனியும் ஆழம். எழுபதைத் தாண்டினால், அடேயப்பா, கைதவறி விழுந்த மூக்குக்கண்ணாடி கிணற்றின் அடியிலுள்ள தண்ணீர் போல எங்கோ மின்னுகிறது. பார்க்கலாம். எடுக்க முடியாது.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். சிரியுங்கள். எழுந்து நின்று சிரித்து, உட்கார்ந்து மறுபடி எழுந்து சிரித்தால் இன்றைய பயிற்சிக் கணக்கில் சேரும்.

நான் கன்னிமாடப் பள்ளியில் படித்தவள். எங்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தந்த கன்னியாஸ்திரி, தலையில் புத்தகத்தை வைத்து, நீண்ட தாழ்வாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கச் சொல்வார். புத்தகம் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. என் புத்தகம் ஒரு நாளும் விழுந்ததில்லை. பள்ளியை விட்ட பிறகும் அந்தப் புத்தகத்தை நான் நெடுங்காலம் இறக்கவில்லை என்றே சொல்லலாம். இணைப்பகத்தில் உயரமான முக்காலியில் முதுகு சாயாமல் எட்டு மணி நேரம் உட்காருவேன். என் முதுகுக்குப் பின்னால் உடன் வேலை பார்த்த பெண்கள் எனக்கு வைத்த பெயர் கொடிக்கம்பம். எனக்குத் தெரியாதென்று நினைத்தார்கள். ஊர் முழுவதும் பேசுவதைக் கேட்கும் வேலையில் இருப்பவளுக்கு அடுத்த நாற்காலியின் பேச்சா கேட்காது? கேட்டது. உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். குனியாதவள், வளையாதவள், சாயாதவள். கீழே விழுந்ததை எடுக்க நீளமான இடுக்கி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். குனியாமல் வாழ ஒரு கருவி. குனியாமலே இருந்தால் குனியவே முடியாமல் போகும் என்று அந்த இடுக்கியின் அட்டையில் யாரும் எழுதியிருக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. என் கணவர் இறந்த பதினோராம் ஆண்டு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவின் மூடி உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. இடுக்கி அடுக்களையில் இருந்தது. ஒரு மூடிக்காக அவ்வளவு தூரமா என்று மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே அமர்ந்தேன். அமர்ந்தவள் சரிந்தேன். சரிந்தவள் மல்லாந்தேன். எலும்பு முறியவில்லை, இரத்தம் வரவில்லை, வலிகூட இல்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை.

மகளிடம் அன்று மாலை நான் சொன்னது இவ்வளவுதான்: "எழுந்திருக்க முடியல." அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் நான் ஒளித்துவைத்தது ஒன்று உண்டு. அதை இறக்கிவைக்கத்தான் இன்று மேடையேறியிருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

நான்கு மணி நேரம் தரையில் கிடந்தேன். அந்த நான்கு மணி நேரத்தை எப்படிச் சொல்வேன்? சன்னலிலிருந்து விழுந்த வெயில் ஒரு வெள்ளைப் பூனை போல அறைக்குள் வந்தது. என் கால்விரலை முகர்ந்தது. முழங்காலில் ஏறியது. வயிற்றில் சற்று நேரம் படுத்தது. பிறகு என்னைத் தாண்டிச் சுவரேறிப் போய்விட்டது. நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டின் கூரையை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். அதில் ஒரு விரிசல், ஆறு போல ஓடி, மின்விளக்கின் அருகே இரண்டு கிளையாகப் பிரிகிறது. மேசையின் அடிப்பக்கத்தையும் அன்றுதான் பார்த்தேன். என் கணவர் தம் கையால் செய்த மேசை அது. ஒவ்வொரு காலும் சேரும் இடத்தில் பென்சிலால் எண் போட்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எந்தக் கால் எந்த மூலைக்கு என்று அடையாளம். மேலே தட்டு வைத்துச் சாப்பிட்ட ஆண்டுகள் அத்தனையிலும் கீழே அவர் கையெழுத்து எனக்காகக் காத்திருந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே அரைத்தூக்கத்தில் மிதந்தேன். இணைப்பகத்துப் பலகையின் சிறுசிறு விளக்குகள் கூரையெங்கும் எரிந்து எரிந்து அணைந்தன.

நான்கு மணிக்கு மேசைமேல் தொலைபேசி அடித்தது. மகள் நாள்தோறும் அழைக்கும் நேரம். மூன்றாவது மணியோசைக்குள் எடுக்காவிட்டால் என் கீழ் வேலை பார்த்த பெண்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன் நான். அன்று என் தலைக்கு மேல் அது அடித்துக்கொண்டேயிருந்தது. பத்து முறை. பதினான்கு முறை. நின்றது. மறுபடி அடித்தது. கேட்கத்தான் முடிந்தது. ஆறு மணிக்குக் கதவில் சாவி திரும்பியது.

என் மகள் நில அளவையாளர். அவள் அழுவதற்கு முன் அளப்பாள். என்னைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கை கால் தடவிப் பார்த்து, மருத்துவரிடம் காட்டிக் கூட்டிவந்து, மறுநாளே அளவு நாடாவோடு வந்தாள். என் அலமாரியை அளந்தாள். என் கட்டிலை அளந்தாள்.

"என்னடி பண்றே?"

"எங்க வீட்டுப் பின்னறையில இது ரெண்டும் போகும்மா. மேசைதான் போகாது. விட்டுடலாம்."

"நான் எங்கேயும் வரல."

"அம்மா, தயவு பண்ணி இந்தக் கொடிக்கம்பத்தைக் கொஞ்சம் இறக்கும்மா. நாலு மணி நேரம் நீ தரையில கிடந்திருக்கே. அடுத்த தடவை எட்டு மணி நேரமாச்சுன்னா?"

தாய்மார்களே, இந்த இடத்தில் நீங்கள் என் மகளைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவள் சொன்னதில் ஓர் அங்குலம்கூடப் பிழையில்லை. எழுந்திருக்க முடியாத தாயைத் தனியே எந்த மகள் விட்டுவைப்பாள்? ஆனால் மேசை போகாத வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்? என் வீடுதான் என் கடைசி ஊர் அல்லவா? அதன் சன்னல் என் வானம் அல்லவா?

ஆகவே பேரம் பேசினேன். "நூறு நாள் குடு. இதே தரையில படுத்து, நாற்காலியப் பிடிக்காம, யார் கையும் படாம எழுந்து காட்டறேன். முடியலைன்னா நீ சொன்ன பின்னறைக்கு வரேன். மேசையை யாருக்காவது குடுத்துடு."

அவள் அடுக்களை நாட்காட்டியில் நூறாவது நாளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இந்தக் கூடத்துக்கு வந்தேன். வந்ததிலேயே ஒரு வெட்கம். ஏனென்றால் காலையில் இங்கே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கத்துகிறார்கள், தூக்கம் கெடுகிறது என்று செயலாளருக்கு ஆறு ஆண்டாகப் புகார்க் கடிதம் எழுதியவள் நான்தான். தலைவர் தலையாட்டுகிறார். பத்தொன்பது கடிதங்கள் என்று விரலால் காட்டுகிறார். இருபது, ஐயா. ஒன்று தொலைந்திருக்கும்.

வாசலில் நின்ற என்னை முதலில் பார்த்தவர் ஜாக்கி. என் வீட்டு நடைவழியிலேயே குடியிருப்பவர், லாரி பழுது பார்ப்பவராக முப்பத்தைந்து ஆண்டு இருந்தவர். எதையும் தூக்கி நிறுத்துவார் என்பதால் அந்தப் பெயர். என்னைவிட நான்கு வயது இளையவர், எழுபத்துமூன்று. எல்லாரும் மேடம் என்று அழைத்த என்னை அவர் அழைத்தது வேறு மாதிரி.

"வாங்கக்கா. புகார் குடுக்க வந்தீங்களா, பயிற்சிக்கு வந்தீங்களா?"

"பயிற்சிக்கு."

"அப்ப செருப்பைக் கழட்டிட்டு வாங்க. பேனாவையும் வெளியிலயே வெச்சிடுங்க."

முதல் நாள் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்தேன். மூன்று முறை. நான்காவதற்கு என் தொடை இரண்டும் என்னை யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்தன. யார் நீ, எங்களுக்கும் உனக்கும் என்ன உறவு என்றன. நியாயம்தானே? நாற்பது ஆண்டாக ஒரு வார்த்தை பேசியிருப்பேனா அவற்றோடு? பயன்படாத தொலைபேசிக் கம்பியில் பச்சைக் களிம்பு பிடிக்கும் என்பதை என்னைவிட நன்றாக யார் அறிவார்? ஒரு நாள் பேசினால் கரகரப்பு. பத்து நாள் பேசினால் முணுமுணுப்பு. ஒரு மாதம் விடாமல் அழைத்தால் எதிர்முனையில் யாரோ "சொல்லுங்க" என்கிறார்கள்.

அப்படித்தான் நடந்தது. மூன்று ஐந்தாயிற்று, ஐந்து பத்தாயிற்று. சுவரில் கை ஊன்றித் தள்ளினேன். கெண்டைக்கால் இறுகக் குதிகாலை உயர்த்தி இறக்கினேன். பல் துலக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்க, ஒற்றைக்காலில் நின்றேன். இரண்டு தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினேன். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பதாம் நாள் சளி பிடித்து ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தேன். திரும்பி வந்தபோது பத்து மறுபடி ஆறாகியிருந்தது. அன்று அழுதேன். ஜாக்கி பார்க்காததுபோல் இருந்துவிட்டு, "ஆறு இருக்கில்லக்கா? நீங்க வந்தப்ப மூணுதான் இருந்துச்சு" என்றார்.

எவ்வளவு சின்ன வாக்கியம். அதைப் பிடித்துக்கொண்டே நான் மீதி நாளெல்லாம் நடந்தேன்.

ஆனால் ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. தரையில் விரிப்புப் போட்டு எல்லாரும் படுத்து எழுவார்கள். ஜாக்கி சொல்லித்தருவார்: "முப்பத்தஞ்சு வருஷம் வண்டிக்கு அடியில படுத்தவன் நான். ஒரு நாளும் நேரா எழுந்ததில்ல. நேரா எழுந்தா மண்டை இடிக்கும். எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி புரளணும். ஒருக்களிச்சு, குப்புற வந்து, நாலு காலா நிக்கணும். அப்புறம் ஒரு பாதத்தை முன்னாடி வெச்சு, தொடைமேல கையை ஊனி எழணும்."

நான் சுவரோரம் நின்று பார்ப்பேன்.

"வாங்கக்கா, நீங்களும்."

"நாலு காலா நிக்கறது எனக்குப் பழக்கமில்ல."

"பொறந்து ஒரு வயசு வரைக்கும் என்ன பண்ணீங்க?"

கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, மல்லாந்து படுத்து, நேராக எழப் பழகினேன். கம்பம் எப்படி எழும்? நேராகத்தான் எழும். பாதி தூரம் வரும், விழும். பாதி தூரம் வரும், விழும். ஆனாலும் நூறாம் நாள் வந்துவிடும், வந்தால் எழுந்துவிடுவேன் என்று நம்பினேன்.

நூறாம் நாள் வந்தது. மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் கையில் மடித்துவைத்த அட்டைப்பெட்டிகள். அவற்றை அவர் கதவுக்கு வெளியிலேயே சாய்த்துவைத்த நாகரிகத்தை நான் மறக்கமாட்டேன். மேசைக்குப் பக்கத்தில் அதே இடத்தில் படுத்தேன். "ஆரம்பிக்கட்டுமா?" என்றேன். நேராக எழுந்தேன். பாதி தூரம் வந்தேன். விழுந்தேன். மறுபடி. விழுந்தேன். மூன்றாம் முறை தலைகூட உயரவில்லை.

மகள் என் பக்கம் குனிந்து கை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்திருந்தால் கதை முடிந்தது. வீடு முடிந்தது.

நான் அவள் கையைப் பார்க்கவில்லை. மேசையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. என் கணவர் எழுதிய எண்கள். இத்தனை ஆண்டு எங்கள் சோற்றையும் கடிதத்தையும் சுமந்த மேசை எத்தனை காலில் நிற்கிறது? அதற்கு ஏதாவது வெட்கமா? அதன் கௌரவத்தில் ஏதாவது குறைவா? கனவில் நடப்பவள் போலப் புரண்டேன். குப்புற வந்தேன். வலக்கை, ஒன்று. இடக்கை, இரண்டு. வல முழங்கால், மூன்று. இட முழங்கால், நான்கு. என் தலையிலிருந்து அந்தப் பள்ளிப் புத்தகம் விழும் சத்தம், நம்பினால் நம்புங்கள், என் காதில் கேட்டது. மருமகன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு பாதத்தை முன்னால் வைத்தேன். தொடையில் கையை ஊன்றினேன். நூறு நாளின் பயிற்சி அந்தத் தொடைக்குள் சேர்ந்திருந்தது. நாற்காலியைப் பிடிக்கவில்லை. எவர் கையும் படவில்லை. எழுந்தேன்.

நின்றபோது அறை மெல்ல அசைந்தது. நானும் அசைந்தேன். பிறகு இரண்டும் நின்றன.

என் மகள் சிரிக்கவில்லை, அழவில்லை. அளந்தாள். நான் கிடந்த இடத்தையும் நாற்காலியையும் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, நாற்காலி அன்னிக்கும் இதே நாலடி தூரத்துலதான் இருந்துச்சு. புரண்டு போயிருந்தா அன்னிக்கே பிடிச்சிருக்கலாமே? ஏம்மா செய்யல?"

நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

மகளே, இதுதான் பதில். அன்று எனக்கு அந்த யோசனை வந்தது. வெயில் முழங்காலில் இருந்தபோதே வந்தது. புரளவும் செய்தேன். பாதி புரண்டு முழங்கையில் நின்றபோது, அலமாரிக் கண்ணாடியில் ஒருத்தி தெரிந்தாள். தலை கலைந்து, முதுகு வளைந்து, தவழப் போகிற கிழவி. அவளை எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பவும் மல்லாந்தேன். உடையைச் சரிசெய்துகொண்டேன். கால்களைச் சேர்த்து, கைகளைப் பக்கத்தில் வைத்து, நேராகப் படுத்துக்கொண்டேன். மூன்று மணி சுமாருக்கு ஜாக்கியின் செருப்புச் சத்தம் நடைவழியில் போனது. ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நீ அழைத்த மணி என் தலைக்கு மேல் அடித்தபோதும் அப்படியே கிடந்தேன். உன்னிடம் "முடியல" என்று சொன்னேன். முடிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. முயலவில்லை என்பது தெரியும். என் வீம்பால் நீ இரண்டு மணி நேரம் பதறியிருக்கிறாய். அந்த ஒரு பொய்யால் என் அலமாரியை அளந்திருக்கிறாய். நான் என் வீட்டையே இழக்க இருந்தேன்.

பெரியவர்களே, நம்மைத் தரையில் படுக்க வைப்பது வயது மட்டும்தானா? வெட்கமும்தான். தடுமாறிச் செய்ய வெட்கம், மூன்றோடு தொடங்க வெட்கம், பேரப்பிள்ளை வயதினர் பார்க்கக் கையைக் காலை ஆட்ட வெட்கம். தசைக்கு வெட்கம் தெரியாது, ஐயா. அழைத்தால் வரும். நாள்தோறும் அழைத்தால் நாள்தோறும் வரும். எழுபதிலும் வரும், எண்பதிலும் வரும். எழ வேண்டுமா? முதலில் புரளுங்கள். நிற்க வேண்டுமா? முதலில் தவழுங்கள். நாளை காலை ஆறு மணிக்கு இந்தக் கூடம் திறந்திருக்கும். சத்தமாக எண்ணுவோம். புகார்க் கடிதத்துக்கு முகவரி என்னிடம் இருக்கிறது.

தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒரு நிமிடம். இந்த ஒலிவாங்கியைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். இன்னும். இன்னும் கீழே. மகளே, நீ எழுந்து வர வேண்டாம், உட்கார்.

மேடைத் தரையில் படுத்துவிட்டேன். இப்போது கேட்கிறதா? இங்கிருந்து பார்த்தால் உங்கள் முகம் யாருக்கும் தெரியவில்லை. செருப்புகள்தான் தெரிகின்றன. சன்னல் வெயில் மேடைவரை வந்திருக்கிறது. தரை குளிர்ச்சியாக இருக்கிறது. நெடுநாள் பிரிந்திருந்த தோழி மாதிரி இருக்கிறது. இங்கிருந்தே நன்றி சொல்லிவிடுகிறேன். என் புகார்களைப் பத்திரமாக வைத்திருக்கும் தலைவருக்கு நன்றி. என்னை அக்கா என்றழைத்த ஜாக்கிக்கு நன்றி. நான்கு எண்களை எழுதிவைத்துவிட்டுப் போன என் கணவருக்கு நன்றி. அட்டைப்பெட்டிகளை வெளியிலேயே வைத்த மருமகனுக்கு நன்றி. சிவப்பு வட்டம் போட்ட என் மகளுக்கு நன்றி; அவளிடம் மன்னிப்பும் கேட்கிறேன்.

புரள்கிறேன். ஒன்று. இரண்டு. நீங்களும் எண்ணுங்கள். மூன்று. நான்கு. கால் முன்னால். கை தொடைமேல்.

இதோ, நிற்கிறேன். எழுபத்தேழு வயதுவரை எவர் முன்னும் வளையாத இந்த முதுகை வளைத்து, உங்கள் எல்லாருக்கும் தலை தாழ்ந்த வணக்கம்.